ஜெர்மனிக்காரி கேட்ட வாக்கு

கன்னியாகுமரியில் நாங்கள் லாட்ஜ் நடத்திய காலம். 2012 என்று நினைவு. மாடி ரூமில் ஒரு ஜெர்மனிக்காரி மாசக்கணக்கில் தங்கியிருந்தாள். அவள் ஊரில் அவளுக்கு வைத்தியம்தான் தொழிலாம், மருந்தில்லாத வைத்தியம். தோல் மேளம் தட்டி, கண்ணை மூடி, ஆவிகளைக் கூப்பிட்டு நோயை விரட்டுவாளாம். வாரக்கடைசி வகுப்புக்குப் போய்ப் படித்து சர்டிபிகேட்டும் வாங்கியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயிலில் சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி. அவருக்கு எவன் கொடுத்தான் சர்டிபிகேட்?

இதைச் சொன்னதிலிருந்து, வருசத்துக்கு ஒருதடவை அங்கே நடக்கிற கொடைத் திருவிழாவைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி, வரட்டும் என்று கொடையன்று காலையில் சேலை கட்டிவிடப் போனேன். சட்டையைக் கழற்றினாள். இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. அதன்மேல் தோல் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். காட்டினாளாம், அறுக்கச் சொன்னார்களாம், வேண்டாமென்று வந்துவிட்டாளாம். ஒரு வருசமாக மேளம் தட்டிக்கொண்டிருக்கிறாள். எப்பேர்ப்பட்ட ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கிற தேசம்! இங்கே ஒரு ஸ்கேனுக்கு நாகர்கோவிலில் வரிசை நிற்கிறவள் நான். பைத்தியக்காரி என்று தமிழிலேயே ஏசினேன். அவள் சிரித்தாள்.

நடுச்சாமத்துக் கடைசிக் கொடையில் என் வீட்டுக்காரர்மேல் மாடன் வந்து, ஆடி முடித்து, வரிசையாகத் திருநீறு கொடுத்தான். அவளும் போய் நின்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் பாத்துக்கிடுகேன், போ" என்றான் மாடன்.

அவள் கேட்டதால் அப்படியே இங்கிலீசில் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது? எல்லாருக்கும் மாடன் சொல்கிற வாக்குதானே அது. நாங்கள் அதைக் கேட்டுவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டுதான் ஆபரேசனுக்கே படுப்போம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இனி கத்தி வேண்டாம். உங்கள் சாமியே சொல்லிவிட்டது."

சாமி மலையேறியபின் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"ஏட்டி, நானே பிரசர் மாத்திரை தின்னுட்டுல்லா ஆடுகேன்."

மேலெல்லாம் பூசிய மஞ்சள்கூடக் காயவில்லை. அப்படியே அவள் முன்னால் போய்க் கைகூப்பினார். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா, உன் கால்ல விழுகேன்" என்றார். நான் அதை இங்கிலீசில் சொன்னேன். அவள் அவரைப் பரிவோடு பார்த்தாள்.

"இப்போது பேசுவது நீங்கள், வெறும் மனிதர். அதைச் சொன்னது கடவுள்."

அவர் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். மாடன் இனி வாய் திறக்க அடுத்த கொடை வரவேண்டும். அதற்கு ஒரு வருசம் கிடக்கிறது.