வாய்க்கால் மேல் நின்ற வண்டி

எங்கள் பிக்கப் வண்டியில் கிளட்ச் கிடையாது. அதற்காகத்தான் அதை வாங்கினோம். என் மனைவிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து, கிளட்ச் மிதிக்க வேண்டிய இடது கால் சூம்பிவிட்டது. வலது கால் மட்டும் என் இரண்டு கால்களையும்விட வேகம். தானாகவே கியர் மாற்றிக்கொண்டு, சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்ததும் பிடித்துப் போட்டோம். நான் எனக்காக வாங்கினேன் என்று ஊர் நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

அவள் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்த பிறகு காலை கத்திரிக்காய் லோடு அவள் கைக்குப் போனது. நான் ஓட்டிய காலத்தில் வழியிலிருக்கும் ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் கத்திரிக்காய் எனக்காகக் காத்திருந்து வாடிப்போகும். அவள் ஓட்டினால் காம்பில் பச்சை மாறாமல் உத்திரமேரூர் மார்க்கெட்டில் இறங்கும். பக்கத்துக் கழனிக்காரரும் தன் வெண்டைக்காயை அவளை நம்பி ஏற்றிவிட ஆரம்பித்தார். என்னை நம்பி அவர் ஒரு முருங்கைக்காய் கூடக் கொடுத்ததில்லை.

அந்த வண்டிதான் திருப்புலிவனம் தாண்டி நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தபோது அவள்தான் ஸ்டியரிங் பிடித்தாள். 

போர்வெல் மோட்டார் பழுது பார்க்கிற என் மச்சான், அவளுடைய தம்பி, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"கியர்பாக்ஸ் பூட்ச்சி மாமா. இத்த கயட்டிப் போட்டுட்டு சாதா கியர்பாக்ஸ் மாட்டிடலாம். ஆட்டோமேட்டிக்க தொட நம்ம பக்கம் ஆளே கெடயாது. பேஜாரு."

"சாதா போட்டா கிளட்ச் வருமே?"

"வரும். நீ ஓட்டு."

பக்கத்தில் நின்ற என் மனைவி மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "செலவு கம்மின்னா அதையே போட்டுக்க," என்று சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கதவோரத்து ஆணியில் மாட்டினாள். மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

அந்தச் சாவி ஆணியில் ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னேன், "ஆட்டோமேட்டிக்தான் போடறோம். இங்கியே. நாமளே."

"நாமளேன்னா?"

"நீயும் நானும்."

"பேன்ல கெபாசிட்டர் மாத்தறேன்னு தெருவுக்கே கரண்ட்ட புடுங்கி வுட்டியே, அந்த நீயா?"

அந்த நான்தான்.

பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய கியர்பாக்ஸ் ஒன்றைப் பிடித்து வந்தோம். கடைக்காரர் அதன் மூக்கில் இருந்த ஓர் இரும்பு உருண்டையைத் தட்டிக் காட்டினார். பூசணிக்காய் அளவு. கிளட்ச் செய்கிற வேலையை இந்த வண்டியில் அதுதான் எண்ணெயை வைத்துச் செய்கிறது. "இத்த உள்ள தள்ளிச் சுத்தினா மூணு தபா டொக்குனு குந்தும். குந்தாம போல்ட்டு போட்டு இஸ்த்தீங்கன்னா உள்ள பம்ப்பு நொறுங்கிடும். திரும்பி என்னாண்ட வராதீங்க." மனப்பாடம் செய்துகொண்டேன். நான் பள்ளியில் செய்யாத காரியம் அது.

வண்டிக்கு அடியில் வேலை செய்யப் பள்ளம் வேண்டும். மச்சான் தோண்டலாம் என்றான். எனக்கு மூளை வேலை செய்தது. என் கழனி ஓரமாக ஏரித் தண்ணீர் வருகிற சிமெண்ட் வாய்க்கால், காய்ந்து, இடுப்பளவு ஆழத்தில் கிடந்தது. இந்தப் பக்கச் சக்கரங்கள் இந்தக் கரையில், அந்தப் பக்கச் சக்கரங்கள் அந்தக் கரையில் என்று வண்டியை வாய்க்காலுக்கு மேல் தள்ளி நிறுத்தி, செங்கல் முட்டுக் கொடுத்தோம். அரசாங்கமே எனக்குப் பள்ளம் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். மச்சான் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாமான் எடுக்கப் போனான்.

மோட்டார் தூக்குகிற இரும்பு முக்காலிகளை இரு பக்கமும் நிறுத்தி, வண்டியின் இரண்டு கதவு வழியாகவும் ஒரு பைப்பைக் குறுக்கே விட்டான். அதில் செயின் கப்பியைத் தொங்கவிட்டு, நாலு சக்கர லீவர் வருகிற ஓட்டை வழியாகச் சங்கிலியைக் கீழே இறக்கினான். பழைய எண்ணெயை அண்டாவில் பிடித்தோம். சிவப்பாக இருக்க வேண்டியது கருகிப்போய் வந்தது. முன்னும் பின்னும் சக்கரத்துக்குப் போகிற தண்டுகளைக் கழற்றி, நாலு சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியைக் கழற்றி, மேலே கை நுழையாத இடத்து போல்ட்டுகளைக் கெட்ட வார்த்தை சொல்லிக் கழற்றி, பழையதை இறக்குவதற்குள் பல நாள் போய்விட்டது. என் மனைவி டீ கொண்டு வந்து வைப்பாள், போவாள். வண்டியைப் பார்க்க மாட்டாள்.

புதியதை ஏற்றுகிற அன்று காலை, அந்த இரும்புப் பூசணிக்காயை நானே உட்கார வைத்தேன். மூன்று டொக். மச்சானும் கேட்டான். சங்கிலியில் கட்டித் தூக்கினோம். எஞ்சினோடு சேர ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டது. தள்ளினோம். நகரவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் கழனிக்காரர் தோளில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் வந்து நின்றார்.

"யோவ், இன்னாயா இது? மதகு தொறந்துட்டான். தண்ணி வந்துகினு கீது. என் நாத்தாங்கா காஞ்சிகினு கீது. நீ வாய்க்கால்ல குந்திகினு கீற?"

"தொறக்கறேன்னு யாரும் சொல்லலையே?"

"வாட்ஸ்அப்புல போட்டாங்களே."

ஏரித் தண்ணீர் குரூப்பைத் திறந்தேன். முந்தின நாள் அறிவிப்பு இருந்தது. அதற்கு மேல் வரிசையாக நான் அனுப்பிய ஜோக்குகள். அதற்குக் கீழேயும் வரிசையாக நான் அனுப்பிய ஜோக்குகள். அவற்றுக்கு ஒருவரும் சிரித்திருக்கவில்லை.

மச்சான் ஸ்பேனரை எடுத்தான். "மாமா, ரெண்டு பக்கமும் போல்ட்டு போட்டு முடுக்கினா தானா இஸ்த்துக்கும். ஒரு விரக்கடதான? முடுக்கிட்டு வண்டிய தள்ளிடலாம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தூரத்தில் வாய்க்காலில் சருகுகள் நகர்வது தெரிந்தது. ஆனால் அந்த ஒரு விரல் எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சங்கிலியில் தொங்கியபோது கியர்பாக்ஸ் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது. அப்போது பூசணிக்காய் முன்னால் சறுக்கியிருக்கிறது. இப்போது முடுக்கினால் பம்ப் நொறுங்கும். அப்புறம் சாதா கியர்பாக்ஸ்தான். அப்புறம் அந்தச் சாவி ஆணியிலேயேதான்.

"எறக்கு," என்றேன்.

"மாமா, தண்ணி!"

"எறக்குடா. நனஞ்சாலும் பரவால்ல. முடுக்க மாட்டேன்."

கரையில் டீத் தூக்கோடு நின்றிருந்த என் மனைவி தூக்கைக் கீழே வைத்தாள். காலை இழுத்து இழுத்து, தண்ணீர் வருகிற பக்கம் வண்டிக்கு முன்னாலேயே இருந்த எங்கள் மடைக்குப் போனாள். பலகையைப் பிடுங்கி வாய்க்காலுக்குக் குறுக்கே அடைத்து, தண்ணீர் முழுவதையும் எங்கள் கழனிக்குள் திருப்பிவிட்டாள். வேர்க்கடலை விதைக்கப் புழுதி ஓட்டி வைத்திருந்த கழனி; நனைந்தால் ஓட்டியதெல்லாம் வீண்.

"ந்தாம்மா! அது என் மொறத் தண்ணி!" என்று கத்தினார் கழனிக்காரர்.

"இன்னிக்கி சாயந்தரம் வரிக்கும் குடுண்ணா. அப்பால ரெண்டு மொறைய நீயே எடுத்துக்கோ."

"நான் எதுக்குக் குடுக்கணும்?"

"இந்த வண்டி ஓடலன்னா உன் வெண்டக்காய யாரு ஏத்திகினு போவா? இவரா?"

அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை கிரீஸ். ஒரு தடவைதான் பார்த்தார். மண்வெட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் குந்தினார். "சீக்கிரம் முடிங்கயா," என்றார்.

இறக்கினோம். பூசணிக்காயைத் திரும்பத் தள்ளிச் சுற்றினோம். முதல் டொக். இரண்டாவது டொக். மூன்றாவது வரவே இல்லை. கழனிக்காரர் வாய்க்காலில் குதித்தார். "நவுரு" என்று என்னைத் தள்ளி, பம்ப்செட் சுற்றுகிற மாதிரி பலமாகச் சுற்றினார். அவருக்கும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. கடைசியில் மூன்று பேரும் மாறி மாறிச் சுற்றியதில், யார் கையில் என்று தெரியாமல், டொக்கென்று உட்கார்ந்தது. இந்தத் தடவை மூக்கு கவிழ்ந்தாலும் உருண்டை சறுக்காமல் இருக்கக் கழனிக்காரர் தன் தலைத்துண்டைக் கொடுத்தார். பூசணிக்காயை இழுத்துக் கட்டினோம். மறுபடி தூக்கி, சேர்கிற நேரத்தில்தான் துண்டை உருவினோம். கியர்பாக்ஸ் கையால் தள்ளியதற்கே எஞ்சினோடு போய் ஒட்டிக்கொண்டது.

போல்ட்டு, பெட்டி, தண்டுகள் எல்லாம் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, முக்காலி, பைப்பு, முட்டுச் செங்கல் எல்லாம் எடுக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தேன்.

"மொதல்ல நீ ஓட்டிப் பாரு," என்றாள்.

"எனக்கு ஆட்டோமேட்டிக் வராது," என்றேன்.

ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடியது. ஒவ்வொரு கியராகத் தள்ளி நிறுத்தி, கடைசியில் ரிவர்ஸ் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி வாய்க்காலை விட்டுப் பின்னால் போயிருந்தது. பாதையில் கழனித் தண்ணீர் வழிந்து முழங்கால் சேறாகக் கிடந்தது. நாலு சக்கர லீவரைப் போட்டு அதையும் மிதித்துக்கொண்டு மேலே ஏறினாள். பாதையோரம் அடுக்கியிருந்த கழனிக்காரரின் வெண்டைக்காய் மூட்டைகளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். மச்சான் விசிலடித்தான்.

"நானும் வரேன், டெஸ்ட்டுக்கு," என்று கத்தினேன்.

"நீ டீக்கடையில எறங்குவ," என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கழனிக்காரர் மடைப் பலகையை எடுத்தார். விட்டுப்போன ஒரு ஸ்பேனரைத் தேடி நான் மறுபடி வாய்க்காலுக்குள் இறங்கி நின்றிருந்தேன்.