மேக்கில் திறக்காத திதிப் பட்டியல்

எங்கள் கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய மென்பொருள் உண்டு. இறந்தவர் பெயரைத் தட்டினால், அவருக்கு இந்த வருடம் திதி எந்த நாள் என்று சொல்லிவிடும். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எங்கள் சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு வருகிறவர்கள் வீட்டில் திதி குறித்து வைப்பதில்லை. போன் போட்டு எங்களைக் கேட்பதோடு சரி.

பழைய கணினி செத்ததும் ஒரு புண்ணியவான் விண்டோஸ் இல்லாத மேக் கணினி ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். கமிட்டிக்காரர்கள் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். “புதுசு லா, எல்லாம் ஓடும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓடவைக்கும் வேலை மட்டும் சம்பளமில்லாத தொண்டூழியனான என் தலையில் விழுந்தது.

முதல் நாளே உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். கணவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

“முதல் திதி தம்பி. தவறவிட்டுடக் கூடாது.”

“நாளைக்குச் சொல்லிடுறேன்க்கா,” என்றேன். எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ.

மேக்குக்குள்ளேயே இன்னொரு விண்டோஸை ஏற்ற வேண்டுமாம். ஏற்றினேன். பென் டிரைவில் எடுத்துவைத்திருந்த மென்பொருள் திறக்கவில்லை. அக்கா மறுபடியும் போன் செய்தார். மறுபடியும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் ஒருவழியாகத் திறந்தால், பெயர்களெல்லாம் வெறும் கொக்கியும் கோடும் கேள்விக்குறியும். எந்த மகராசனோ அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டிவைத்திருக்கிறான். அந்த எழுத்துரு பழைய கணினியோடு போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேக்கை உடைக்காமல் விட்டதே பெரிது.

நான்காம் நாள் அக்கா நேரிலேயே வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் குருக்கள் டீ குடிக்க உள்ளே வந்தார்.

“நாலு நாளா அதோட என்ன மல்லுக்கட்டுறீங்க?”

சொன்னேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

“அவர் என்னைக்கும்மா தவறினார்?”

அக்கா தேதியும் நேரமும் சொன்னார். குருக்கள் தம் அறைக்குப் போய் இரண்டு வருடத்துப் பஞ்சாங்கங்களையும் எடுத்துவந்து புரட்டினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் இருக்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. திதி சொல்வது கணினியின் வேலை என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

“தேய்பிறை தசமி,” என்றார் குருக்கள். “நேத்தோட போயிடுச்சும்மா.”

அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து வீட்ல மீன் சமைச்சோம் சாமி,” என்றார்.