ரிமோட்டுக்கு ஒன்றும் இல்லை

எங்கள் வீட்டு டிவி சென்ற மாதம் திடீரென்று சொந்தமாக முடிவெடுக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் நாலரை மணி. ஓய்வு பெற்று ஆறு மாதமே ஆன என் கணவர் காபியோடு செய்திக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கிறது. அதில் எத்தனை கண்டெய்னர் என்று செய்தி வாசிப்பவர் சொல்ல வாயெடுக்கிறார்... சேனல் மாறிவிட்டது. ஒரு பெண்மணி தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

“ஏய் சுதா, இங்க வந்து பாரு! கப்பல் போயி சட்னி வந்துட்டு!”

போய்ப் பார்த்தேன். ரிமோட் டீப்பாயின் மேல் சும்மா கிடக்கிறது. அவர் கையில் டம்ளர். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்னி போய் ஒரு பக்திப் பாட்டு வந்தது. அதன் சத்தம் தானாக ஏறியது. பிறகு தானாக இறங்கியது.

நீங்கள் என்ன செய்வீர்கள்? நாங்களும் அதையேதான் செய்தோம். பேட்டரியை மாற்றினோம்.

பழைய பேட்டரியைக் கழற்றியபோது உள்ளே ஸ்பிரிங் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் புது பேட்டரி போட்டோம். பலன் இல்லை. ஏதாவது பட்டன் அமுங்கியபடியே சிக்கியிருக்குமோ? என் கணவர் வாங்கிய நாளிலிருந்து ரிமோட்டுக்குப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை – அது ரிமோட்டின் மழைக்கோட்டு – மனமில்லாமல் கழற்றினார். ஒவ்வொரு பட்டனாக அமுக்கி விட்டுப் பார்த்தோம். எல்லாம் துள்ளி எழுந்தன. டிவியின் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி சொருகினோம். அன்று முழுவதும் ஒழுங்காக இருந்தது. மறுநாள் நாலரைக்கு மறுபடியும் சட்னி.

கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கும் மகளிடம், “யாரோ ஹேக் பண்ணுதாங்களோ?” என்று கேட்டேன்.

“அம்மா, நம்ம டிவிய ஹேக் பண்ணி அவங்களுக்கு எந்து கிட்டும்? வெறுதே டென்ஷன் ஆவாதே” என்றாள் பாதி மலையாளத்தில். பிறகு எனக்கு ஒரு வித்தை காட்டினாள். மொபைல் கேமராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டின் மூக்கைப் பிடித்து பவர் பட்டனை அமுக்கினாள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மொபைல் திரையில் இளம் ஊதாவாக மினுங்கியது. வெளிச்சம் தெரிந்தால் ரிமோட்டில் உயிர் இருக்கிறது என்று அர்த்தமாம். ஆனால் மற்ற பட்டன்களை அமுக்கியபோது ஒன்றும் மினுங்கவில்லை.

“இதுல பவர் மட்டும்தான் பழைய மாதிரி வெளிச்சம். பாக்கி எல்லாம் ப்ளூடூத். டிவிக்கு நேரா நீட்டணும்னு இல்ல. சுவரைத் தாண்டியும் போகும்.”

“ஓ” என்றேன்.

சுவரைத் தாண்டியும் போகும் என்று ஒருத்தி சொல்கிறாள். நான் “ஓ” என்கிறேன். என் புத்திக்கூர்மை அவ்வளவுதான்.

ஏழெட்டு நாள் இந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒருநாள் தானாகவே நின்றுவிட்டது. நாலரை மணிக்கு செய்தி. ஐந்து மணிக்கும் அதே செய்தி. உறையைக் கழற்றியதால்தான் சரியானது என்று என் கணவர் எங்கள் பிளாக்கில் நாலு பேரிடம் சொன்னார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

அது நிம்மதிப்படவேண்டிய விஷயம் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் சங்கரலிங்கம் அண்ணாச்சி இருக்கிறார். சாலை பஜாரில் முப்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். பத்து கிலோ அண்டாவை ஒற்றைக் கையால் பரணிலிருந்து இறக்கிய மனிதர். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயிற்று. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, ஒவ்வொரு சொல்லாக. கையில் கட்டைவிரல் மட்டும் அசைய ஆரம்பித்தது. ஷைனி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வாரத்துக்கு மூன்று நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறாள். அண்ணாச்சிக்கு அவள் கொடுத்த பயிற்சியே டிவி ரிமோட்தான். “சேனல் மாத்து அண்ணாச்சி, சவுண்டு கூட்டு” என்பாள். அவர் கட்டைவிரலால் அமுக்குவார். திரையில் மாறும். அது அவருக்குப் பெரிய சந்தோஷம். ஷைனி வராத நாளிலும் அதே நேரத்துக்குத் தானே உட்கார்ந்து பயிற்சி செய்வார்.

அவர்கள் வீட்டு டிவியும் எங்கள் டிவியும் ஒரே மாடல். ஓணம் ஆஃபரில் நாங்கள் வாங்கியதைப் பார்த்து அவர் மகனும் வாங்கிக் கொடுத்தான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எங்கள் டிவியில் முதல்முறையாகச் சட்னி வந்ததற்கு முந்தின நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பயங்கர இடிமழை. ஊரே டிவி பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தது. காலையில் அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா கையில் ரிமோட்டோடு எங்கள் வாசலில் நின்றார்.

“சுதா, நேத்து மழைக்குப் பொறவு டிவி ஆனாகுது. ஆனா இவிய அமத்தினா சேனல் மாறல. இதுக்கு ஏதும் கேடு உண்டான்னு உங்க டிவில வச்சுப் பாத்துச் சொல்லுதியா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த மாதிரி ரிமோட்டை டிவியோடு ‘பேர்’ செய்யவேண்டும். அதாவது, இதுதான் உன் ரிமோட் என்று டிவிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் டிவியின் செட்டிங்ஸில் போய், ரிமோட் சேர்க்க என்ற இடத்தைத் திறந்து, அக்காவின் ரிமோட்டில் ஹோம், பேக் இரண்டு பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி அமுக்கினேன். சின்ன விளக்கு மினுக்கியது. ‘இணைக்கப்பட்டது’ என்றது திரை. சேனல் ஜம்மென்று மாறியது.

“ரிமோட்டுக்கு ஒண்ணும் இல்லக்கா! சூப்பரா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தேன்.

கோமதி அக்கா ஒரு நிமிஷம் அந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்பிடியா... ஒண்ணும் இல்லையா” என்றார். படி இறங்கிப் போனார். மாவு பொங்கிவிட்டதா என்று பார்க்க நான் சமையலறைக்குப் போனேன்.

அவர் என்னிடம் கேட்டது ரிமோட்டைப் பற்றியே இல்லை என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அக்காவின் முகம் சரியில்லை. என்னக்கா என்றேன்.

“இவிய ஒரு வாரமா கையத் தொட விடமாட்டேங்காவ. ஷைனி வந்தா முகத்த சுவரு பக்கம் திருப்பிக்கிடுதாவ. சோறும் சரியா இறங்கல.”

“ஏன்? நல்லாத்தானே வந்துட்டிருந்தாங்க?”

“அந்த ரிமோட்டுதான். நீ ஒண்ணும் இல்லேன்னு சொன்னேல்லா... நானும் போயி, ‘ரிமோட்டுக்குக் கேடு இல்லையாம், நல்லா அமத்துங்க’ன்னு சொல்லிட்டேன். நான் அமத்தினா டிவி ஆனாகுது. இவிய அமத்தினா ஒரு அனக்கமும் இல்ல. ஒரு வாரம் தெனமும் அமத்தி அமத்திப் பாத்தாவ. பொறவு, ‘வெரலும் போச்சு’ன்னுட்டு ரிமோட்டத் தூக்கி அந்தால வச்சிட்டாவ.”

எனக்கு அப்போதும் விஷயம் புரியவில்லை. ஒரு வேளை விரலில் பலம் குறைந்திருக்குமோ என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் ஷைனி வரும் நேரத்துக்குக் கீழே போனேன். அண்ணாச்சி நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஷைனி அவர் கையில் ரிமோட்டை வைத்து, விரலை அதன்மேல் படியவைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“ஒரு தவண கூடி அண்ணாச்சி. எனக்கு வேண்டி. ஒரேயொரு தவண.”

அவளுக்காகத்தான் அமுக்கினார். எதிரில் டிவி அசையாமல் இருந்தது. ‘பார்த்தாயா’ என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அப்போது என் மொபைல் அடித்தது. மேலிருந்து என் கணவர்.

“சுதா, மறுபடி வந்துட்டு! செய்தி போயி பாட்டு!”

மகள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுவரைத் தாண்டியும் போகும். தளத்தைத் தாண்டி மேலேயும் போகும்தானே?

“போனை வைக்காதீங்க” என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். “அண்ணாச்சி, சவுண்டு கூட்டுற பட்டனை அமுக்குங்க. பயிற்சிக்காக இல்ல, சும்மா.”

அமுக்கினார்.

“இப்ப சத்தம் ஏறுது!” என்றது போன். “நான் தொடவே இல்ல, சத்தியமா. இருவத்தொண்ணு... இருவத்திரெண்டு...”

அண்ணாச்சியின் விரல் நின்றது. போனும் நின்றது. விரல் மறுபடி அமுங்கியது.

“இருவத்திமூணு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மறுபடி அமுக்கினார். மறுபடி. மறுபடி. ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுப் பாட்டு கீழே இறங்கி வந்தது. என் கணவர் ஒன்றும் தெரியாமல் மேலே எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. கோமதி அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்து, விரலை மெல்ல நகர்த்தி, இன்னொரு பட்டனை அமுக்கினார்.

பாட்டு நின்றது.

“சத்தமே போயிட்டு!” என்று கத்தினார் என் கணவர்.

“நானா...” என்றார் அண்ணாச்சி.

“நீங்கதான் அண்ணாச்சி. அந்த ஒரு வாரமும் எங்க வீட்டு டிவிய ஓட்டுனது நீங்கதான்.”

அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஷைனி அவர் முதுகில் கையை வைத்தாள். அக்கா உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லாமலே ரொம்ப நேரம் உள்ளே நின்றார்.

அவர் வெளியே வந்ததும் நான் உள்ளதைச் சொன்னேன். “தப்பு என் மேலதான்க்கா. நீங்க அமுக்குன பவர் மட்டும் உங்க டிவிக்கு, அண்ணாச்சி அமுக்குனது எல்லாம் எங்க டிவிக்கு. உங்க ரிமோட்டை நான்தான் எங்க டிவியோட கட்டி வச்சுட்டேன்.”

“கட்டி வச்சியா? எங்கள ஒரு வார்த்தை கேக்காம கட்டி வச்சுட்டியா?” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஷைனியும் புரிந்து சிரித்தாள்.

பிரித்து வைக்கும் வேலை பாக்கி. மேலே ஓடினேன். எங்கள் டிவி செட்டிங்ஸில் ஒரே பெயரில் இரண்டு ரிமோட் இருந்தன. ஒன்றை நீக்கினேன். நீக்கியது எங்களுடையதை. (சிரிக்காதீர்கள்.) அதை மறுபடி சேர்த்துவிட்டு, பிறகுதான் சரியானதை நீக்கினேன். கீழே வந்து அண்ணாச்சி டிவியின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நிமிஷம் கழித்துப் போட்டேன். ரிமோட்டைக் காணோமே என்று டிவியே கேட்டது. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கச் சொன்னது.

நான் கையை நீட்டினேன். ஷைனி தடுத்தாள். “அண்ணாச்சி செய்யட்டே.”

இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில், ஐந்து விநாடி. நமக்கு அது ஒரு காரியமா? அவர் ஒரு பட்டனில் இடது கை விரலை வைத்தார். மற்றதில் வலது கட்டைவிரல். முதல் தடவை மூன்று விநாடியில் நழுவியது. இரண்டாவது தடவை பட்டன் மாறிவிட்டது. மூன்றாவது தடவை விரல் நடுங்கியது, ஆனால் எடுக்கவில்லை. விளக்கு மினுக்கியது.

‘இணைக்கப்பட்டது.’

அன்று ஏழு மணி வரைக்கும் கீழ் வீட்டில் சேனல் மாறிக்கொண்டே இருந்ததாம். எதையும் பார்க்கவில்லை, மாற்றிக்கொண்டு மட்டும் இருந்தாராம்.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு பொருளைக் கையில் கொடுத்து ‘இது சரியாக இருக்கிறதா’ என்று ஒருவர் கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நாமும் ஒரு வார்த்தை கேட்கலாம். நான் கேட்கவில்லை. வந்த வேகத்தில் பதில் சொல்லி அனுப்பினேன். இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“உன் வீட்டுக்காரர் பாக்குத... சேனல்... கொள்ளூல்ல.”

நன்றாக இல்லையாம். அவ்வளவுதான். மன்னிப்பு விவகாரம் முடிந்தது.

நேற்று கோமதி அக்காவை லிஃப்டில் பார்த்தேன். காலையில் அண்ணாச்சி தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்டாராம். மூன்று போட்டாயிற்று, நாலாவது மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்ததால் அக்கா உதவிக்குக் கையை நீட்டியிருக்கிறார்.

“சவத்த விடு. நான் பாத்துக்கிடுதேன்” என்றாராம்.

அந்த ஒரு பொத்தானுக்குக் கால் மணி நேரம். போகட்டுமே, ரயிலையா பிடிக்கப் போகிறார்?