உமரிக்குக் கைதட்டியவர்கள்

மகளின் பள்ளிக் கண்காட்சியில் அதிசயத் தாவரங்களுக்கென்று ஒரு மேசை. பூச்சி தின்னும் செடிக்கும் கள்ளிக்கும் நடுவில், ஒரு தொட்டியில் உமரிச் செடி. "இது உப்பு மண்ணிலும் வாழும். உப்பைத் தன் இலையிலேயே சேர்த்து வைக்கும்" என்று ஒப்பித்தாள் மகள். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். அதே கரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூர் பக்கம் எங்கள் நிலம். தோல் பதனிடும் ஷாப்பில் உப்புத் தோலைக் கழுவிய தண்ணீர் எங்கள் கிணற்றில் இறங்கியது. நெல் கருகியது, தென்னை மொட்டையானது, பிறகு உமரி முளைத்தது. நான் ஆறாவது படிக்கும்போது சயின்ஸ் சார் வகுப்பையே எங்கள் வரப்புக்குக் கூட்டிவந்தார்.

"கடலோரத்துச் செடி இங்க வந்து பொழைக்குது பாருங்க. கெட்டிக்காரச் செடி. எல்லாரும் கைதட்டுங்க."

தட்டினோம். சத்தம் கேட்டு அம்மா மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தாள்.

"இந்த உப்பு எப்படி வந்துச்சுன்னு பசங்களுக்குச் சொன்னீங்களா சார்?"

"அது பாடத்துல இல்லம்மா."

"அப்போ இன்னாத்துக்கு கைதட்டச் சொல்றீங்க? நெல்லு செத்த எடம் சார் இது. சாவு வீட்டுல வந்து கைதட்டுவீங்களா?"

சார் எங்களை வரிசையாகத் திருப்பி அழைத்துப் போய்விட்டார். அடுத்த வாரம் பரீட்சையில் உமரியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது.

இங்கே, மகளின் மேசை முன்னால் பெற்றோர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

"நல்லா சொல்லலியாப்பா?"

"நல்லாத்தான் சொன்ன. மண்ணுல உப்பு எப்படி வந்துச்சாம்?"

மகள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"இயற்கையாவே இருக்கும்னு போட்டிருக்குப்பா."