சமையலறைச் சுவரில் கீசர்

சின்ன காஞ்சிபுரத்தில் நானும் கணவரும் ஒரே தறியில் நெய்கிறோம். கீசர் மாட்ட வந்தவரிடம் அவர் குளியலறையைக் காட்டினார். நான் சமையலறை சிங்க்கைக் காட்டினேன்.

"பாத்திரம் கழுவவா கீசர்? தெருவே சிரிக்கும்மா" என்றார் கணவர்.

"சிரிக்கட்டும். பனிக்காலத்துல பச்சத்தண்ணியில கழுவிக்கினு இருந்தா விரல் வெடிக்குது. அந்த விரலோட தறியில உக்காந்தா பட்டு இழை மாட்டி அறுந்துபோவுது. அப்ப என்னைத்தானே திட்டுறீங்க?"

அவர் கீசர்காரருக்குச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். சமையலறைச் சுவரில் துளை விழுந்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில், அந்த வீட்டில் என் சொல்லுக்காக விழுந்த முதல் துளை.

மறுநாள் காலை வாளியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் சுடுதண்ணி புடிச்சிக்கட்டுமா?"

"இருங்க, பாத்திரம் முடியட்டும்."

அன்று ஒரு டம்ளரைக்கூட நான் அவசரமாகக் கழுவவில்லை.