வெளுத்துப்போன சட்டைப் பை

கல்யாணப் போட்டோக்காரன் எவனுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முகத்துக்கு வெளிச்ச மீட்டர் பிடிப்பான், அதற்கு மேலும் ஒரு ஸ்டொப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டுவான். கற்பிட்டி வெயிலில் கறுத்த முகத்தை வெளுப்பாகக் காட்டினால் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். பின்னால் மணலும் கடலும் வெறும் வெள்ளையாகப் போனாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முப்பது வருடம் நானும் அப்படித்தான் பிழைத்தேன். அளவுக்கு மேல் வெளுத்த இடத்தைக் கமெராத் திரையில் மின்னி மின்னிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. மணப்பெண்ணின் வெள்ளை முக்காடு விடாமல் மின்னுகிறதே என்ற எரிச்சலில் அதை அணைத்துப் போட்டிருந்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

போன வருடம் கண்டக்குழிக் கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியது. பொலிஸில் படமெடுக்கும் ஆள் வரத் தாமதமாகும் என்று சார்ஜன்ட் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஈர மணல் கண்ணைக் குத்தியது.

"முகத்தை வடிவா எடுங்க நானா. இந்த வெயில்ல நிக்க ஏலாது" என்றார் சார்ஜன்ட். எங்கள் ஊரில் அண்ணனை நானா என்பார்கள்.

"முகத்துல என்ன சேர் இருக்கு? மீன் திண்டு போட்டுதே" என்றேன்.

என் வாயாலேயே அப்படிச் சொல்லிவிட்டு, கை பழக்கத்தில் அந்தக் கறுத்த முகத்துக்கே மீட்டர் பிடித்தேன். வழக்கமான ஒரு ஸ்டொப்பையும் கூட்டினேன். உடம்பில் பழைய வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. வேனில் பெரிய குடை கிடந்தது. அதை விரித்து நிழல் கொடுத்திருக்கலாம். நாற்றம் தாங்காமல் அதற்கு நிற்கவில்லை. ஆறு படம் எடுத்தேன், அனுப்ப லேசு என்று, பிறகு திருத்த இடம் தரும் ரோ இல்லாமல் சிறிய ஜேபெக்கில் மட்டும். பிறகு விலகி வந்து வாந்தி எடுத்தேன்.

தேடி யாரும் வராததால் சில நாட்களில் பிரேதத்தைச் சட்டையோடேயே, இடத்துக்கு அடையாளம் வைக்காமல், அடக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நஸீமா என்ற பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கணவன் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் படகில் போனவன். அந்தப் படகுகள் ஒரு மாதம் கரைக்கு வராவிட்டாலும் வீட்டில் பயப்படமாட்டார்கள். இந்தப் படகு அதற்குப் பிறகும் வரவில்லை. வேறு நாட்டில் பிடிபட்டிருக்கிறது என்றும் ஒரு கதை. பொலிஸில் காட்டிய படம் விளங்கவில்லை என்று அவளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"முகம் வேணாம் நானா. சட்டைப் பையை மட்டும் காட்டுங்க. மூலை கிழிஞ்சிருந்திச்சு. வெள்ளை நூல் இல்லாம இள மஞ்சள் நூலால நான்தான் தைச்சேன்."

கம்பியூட்டரில் பெருப்பித்தேன். பை இருந்த இடம் வெறும் வெள்ளை. தையலும் இல்லை, மடிப்பும் இல்லை. எக்ஸ்போஷரைக் குறைத்துப் பார்த்தேன். வெள்ளை சாம்பலாக மாறியது, வேறொன்றும் வரவில்லை. ஆறு படமும் அப்படித்தான்.

"நூல் இல்லையா நானா?"

"இருந்திச்சா இல்லையா எண்டு சொல்ல ஏலாது தங்கச்சி. நான் எடுத்த விதத்துல பிழை."

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவைப் பற்றித்தான் கேட்டாள்.

"மௌத்து நிச்சயமில்லாம இத்தா இருக்க ஏலாது எண்டு மௌலவி சொல்றார். மகன் வருவான் எண்டு மாமி என்னை அழவும் விடுறா இல்ல. நான் என்ன செய்ய நானா?"

நான் ஆறு படத்தையும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவள் எழுந்து போனாள்.

படமெடுக்கப் பழகும் தம்பிமார், கடும் வெயிலில் எடுக்கும்போது முதலில் வெள்ளைக்கு மீட்டர் பிடியுங்கள். இருண்ட இடத்தில் கிடப்பதைப் பிறகு கொஞ்சமாவது தூக்கி எடுக்கலாம். வெளுத்துவிட்ட இடத்தில் எடுக்க ஒன்றுமே இருக்காது. மின்னுவதை அணைக்காதீர்கள். குடையைக் கையில் எடுங்கள். பிழை வந்தால் வெயிலைக் குறை சொல்லவும் வேண்டாம். நஸீமா இன்னும் இத்தா இருக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.