அப்பாவின் பெயரை எந்தப் பெட்டியில் போடுவது?

போன ஞாயிறு காலை. சர்ச் வாசலில் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு பத்து நிமிடம் நின்றேன். சீட்டில் ஒரே ஒரு பெயர்தான்... அப்பா பெயர். அதை எங்கே போடுவது?

எங்கள் தமிழ் சர்ச்சில் ஜெபச் சீட்டுகளுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று நோயாளிகளுக்கு. இன்னொன்று, இன்னும் இரட்சிக்கப்படாதவர்களுக்கு. பாஸ்டர் பெயர்களைப் படிப்பார். நாங்கள் ஆமென் சொல்வோம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்கும்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் – பெருமையாகத்தான் சொல்கிறேன்! இந்த ஊர்ப் பள்ளியில் தமிழ் கிடையாது; தமிழ் எழுத்து சண்டே ஸ்கூலில் கற்றது. அன்றிலிருந்து சீட்டு எழுதுவது என் வேலை. வாராவாரம் இரண்டாவது பெட்டியில் அப்பா.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆனவர். முருக பக்தர். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் அம்மாவை சர்ச்சுக்குக் கூட்டி வருவார். ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் இருப்பார். உள்ளே அவருடைய இரட்சிப்புக்காக ஜெபம் நடக்கும். வெளியே அவர் இரண்டாவது இரானி சாய் குடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது அவருக்கு பைபாஸ். வியாழக்கிழமை ஆபரேஷன்.

"நோயாளிப் பெட்டியில போடட்டுமாம்மா?" என்றேன்.

"அது கெடக்கட்டும்டி. ஆபரேஷன்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா... அவரு எங்க போவாரு? நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென ரோட்டைக் கடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"எனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்புறேன்னு" என்றாள் அப்பாவிடம்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பயந்துகிட்டு சொன்னா உங்க சாமிக்குத் தெரியாதா? அவருகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா? நக்கோம்மா, வேணாம்."

அம்மா திரும்பி வந்து பாஸ்டர் முன்னால் நின்றாள். என்னைவிடச் சின்னவர், போன வருடம்தான் நாகர்கோவிலில் இருந்து வந்தார்.

"ஐயா, அவரு இல்லாத எடத்துல எனக்கு என்னய்யா வேலை?"

பாஸ்டர் சொன்னார்: "எங்களுக்குச் சொல்லிக் குடுத்த பதில் ஒண்ணு இருக்கும்மா. உங்க மொகத்தப் பாத்து அதைச் சொல்ல வரல."

பிறகு அவரே அங்கியோடு ரோட்டைக் கடந்தார். அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிய ஜெபித்தார். இரட்சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் அப்பா, "ஆமென். சாய் குடிக்கிறீங்களா தம்பி?" என்றார்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "ஆமென் சொன்னாருடி! அது போதும்ல?"

மரியாதைக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா? எனக்கென்ன தெரியும்! டிகிரியில் இதெல்லாம் கேட்கவில்லையே. "போதும்மா" என்றேன். சீட்டை நோயாளிப் பெட்டியில் போட்டேன். அம்மா தடுக்கவில்லை.

வியாழன் மாலை அப்பா கண் விழித்தார். ஐசியூவில் என்னை மட்டும்தான் விட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கம்மா சாப்ட்டாளா?"

இந்த மனிதரை வெளியே நிற்கவைத்துவிட்டு, அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிடுவாரா கடவுள்?

கூப்பிட்டாலும் அம்மா போகமாட்டாள். அது கடவுளுக்கும் தெரியும்!